வண்டி கிடைக்கல

மழை பிடித்துக்கொண்ட ஐந்தாம் நாள் காலையில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சலவைக்கூடத்தின் வாசலில் கோயில்பிள்ளை வந்து நின்றார். கூரைக்குக் கீழே வந்த பிறகும் குடையை மடக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

கோயில்பிள்ளை என்பது அவர் பார்த்த வேலை. கோயில் மணியடிப்பது, பெஞ்சுகளைத் துடைப்பது, மெழுகு சொட்டிய இடத்தைச் சுரண்டுவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது. இருபத்தாறு வருஷமாக அதையே செய்து, அதுவே அவருக்குப் பேராகவும் ஆகிவிட்டது. சொந்தப் பேர் சபைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

உள்ளே அவருடைய மனைவியின் தங்கை மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும்தான் எங்கள் பக்கம் சொல்லுவோம். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளைத் தரம் பிரிப்பது சின்னவளின் வேலை. ரத்தம் பட்டது ஒரு பக்கம், வாந்தி ஒரு பக்கம், மருந்துக் கறை ஒரு பக்கம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான் விட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் துணி கிழிகிற வரைக்கும் கறை போகாது. மடிப்புக்குள்ளிருந்து என்னென்னவோ விழும். கரண்டி, மூக்குக்கண்ணாடி, ஒற்றைத் தோடு, ஒருமுறை ஒரு பல்செட்டு. அதைத் தேடி வந்த கிழவர் அங்கேயே கழுவாமல் வாயில் மாட்டிக்கொண்டு, "இப்பத்தான் உங்க மூஞ்சியே தெளிவாத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனதை அந்தக் கூடத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சின்னவள் மட்டும் சிரிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

"சின்னவளே" என்றார் கோயில்பிள்ளை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. பதினொரு வருஷமாகப் பேச்சு கிடையாது.

"அக்காவுக்கு முடியல."

"தெரியும்."

"வயித்துல கட்டி. இனி பண்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"தெரியும் அத்தான். ஒன்பதாம் வார்டுல பத்து நாள் படுத்திருந்தா. அவ விரிப்பு என் கைக்குத்தான் வந்துச்சு."

"உன்னப் பாக்கணும்னு சொல்றா" என்றார்.

"எதுக்குன்னும் தெரியும். அதான் வரல."

இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் காது கொடுக்காதது போலக் காது கொடுத்தார்கள். கோயில்பிள்ளை குடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முதுகுல புண்ணு வந்துருச்சு. எனக்குப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியல. என் கை பட்டாலே கத்துறா. பொம்பளக் கை வேணும்."

சின்னவள் கையிலிருந்த விரிப்பை உதறி, மூலையோடு மூலை சேர்த்தாள். "எந்தப் பக்கம் புண்ணு?" என்றாள்.

அன்று மத்தியானமே போனாள். கையில் ஒரு மூட்டை. ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய பழைய விரிப்புகள். "புதுசு உரசும். நூறு தடவ துவைச்சதுதான் புண்ணுக்கு நல்லது" என்று வாசலில் நின்றவரிடம் சொன்னாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கோயிலின் பின்சுவரை ஒட்டிய இரண்டு அறை வீடு. மழையில் துணி எதுவும் காயாமல் உள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டியிருந்தார் கோயில்பிள்ளை. ஈரத்துணிகளை விலக்கி விலக்கித்தான் கட்டிலுக்குப் போக வேண்டும். கடைசித் துணியை விலக்கியதும் அக்கா தெரிந்தாள். கன்னமெல்லாம் போய், கண் மட்டும் பழையபடி பெரிதாக இருந்தது.

"வந்துட்டியா?" என்றாள் பெரியவள்.

"புரளு" என்றாள் சின்னவள். "இந்தப் பக்கம். என் கழுத்தப் பிடிச்சுக்கோ."

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களில் பெரியவளின் ஜெபம் என்றால் நாலு தெருவுக்குத் தெரியும். பெண்கள் ஜெபக்கூட்டத்தை அவள்தான் நடத்தினாள். அவள் கை வைத்து ஜெபித்து யாருக்கோ காய்ச்சல் விட்டது, யாருக்கோ பிள்ளை தங்கியது என்பார்கள். பிள்ளை இல்லாத அவளுக்குத் தங்கையின் மகள் குட்டிதான் உலகம். ஆறு வயது. குட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது, ஜெபிக்கலாம் என்று பெரியவள்தான் தன் வீட்டுக்குத் தூக்கி வரச் சொன்னாள். பெண்கள் எட்டுப் பேர் கூடி உபவாசம் இருந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் குட்டியின் கழுத்து விறைத்துக்கொண்டது. வெளிச்சம் பட்டால் வீறிட்டது. சின்னவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பெரியவள் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றாள். "பாதியில விட்டுட்டுப் போனா விசுவாசம் இல்லைன்னு ஆயிடும். காலையில பாத்துக்கலாம். கர்த்தர் கைவிட மாட்டார்" என்றாள். சின்னவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். விடிவதற்கு முன்னே குட்டி போய்விட்டாள்.

அடக்கத்தன்று பெரியவள் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். "உன் வாயால ஒண்ணும் சொல்லாத" என்றாள் சின்னவள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. சின்னவள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் ஒரு வருஷம் குடித்துப் பார்த்தான், பிறகு லாரியோடு போனான். லாரி திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

இப்போது சின்னவள் தினமும் வேலை முடிந்ததும் மூன்று மணிக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள். புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, விரிப்பு மாற்றி, கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். தலையில் பேன் பார்த்தாள். நகம் வெட்டினாள். பேச்செல்லாம் வேலைப் பேச்சுதான். கையைத் தூக்கு, வாயைத் திற, வலிக்குதா, இன்னும் ஒரு வாய்.

நாலாம் நாள் பெரியவள் ஊட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய். ஒரு வார்த்த சொல்லுடி."

"கஞ்சி ஆறுது."

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த. நான் கேட்டுட்டுப் போயிடுறேன்."

சின்னவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "வாயில வர மாட்டேங்குது அக்கா. வராததச் சொன்னா பொய்யாயிடும். சாகப்போறவகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப ஏன் வந்து என் பீ மூத்திரம் அள்ளுற?"

"அது என்னால முடியுது. இது முடியல."

கோயில்பிள்ளை அடுத்த அறையில் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார்.

மறுநாள் போதகர் வந்தார். சபையில் அவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். சபைக்குப் புதியவர், சின்ன வயசு. நோயாளிக்கு ஜெபித்துவிட்டு, சமையல் மேடையருகே நின்ற சின்னவளிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"அம்மா, நான் உங்களக் கட்டாயப்படுத்தல. மன்னிக்கிறது அவங்களுக்காக மட்டும் இல்ல. உங்க பாரமும் இறங்கும்."

"ஐயா, உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒண்ணு. ஒரு வயசு."

"அப்ப இதப்பத்தி என்கிட்டப் பேசாதீங்க. உங்களுக்கு நல்லது சொல்றேன். இதெல்லாம் யோசிக்கவே யோசிக்காதீங்க."

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷன். "சரிம்மா" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "அந்தத் தண்ணி வாளியக் கொடுங்க, தூக்கி வைக்கிறேன்" என்றார். தூக்கி வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு பெரியவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "பாவம் அந்த ஐயரு. அவர் ஜெபம் பண்ணினப்ப நான் விட்டத்துல ஒழுகுற இடத்தப் பாத்துட்டு இருந்தேன்."

"நீயா?" என்றாள் சின்னவள்.

"நான்தான். குட்டி போனதுக்கப்புறம் நான் ஜெபம் பண்ணவே இல்லடி. பதினொரு வருஷம். கூட்டத்துல உதட்ட மட்டும் அசைப்பேன். வார்த்தையெல்லாம் மனப்பாடம்தானே, தானா வரும். எல்லாரும் அழுவாங்க. நான் உள்ள கல்லு மாதிரி இருப்பேன். அந்தப் பக்கம் யாராச்சும் கேக்குறாங்களான்னே எனக்குத் தெரியல."

சின்னவள் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். "அத்தானுக்குத் தெரியுமா?"

"அந்த மனுஷனுக்கு எதுக்கு? மணியடிச்சுட்டு நிம்மதியா இருக்கட்டும்." பெரியவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இந்தக் கட்டி வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. கைக்குத் தட்டுப்பட்டப்பவே தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

"ஏன்?"

"பிள்ளைக்குக் கொடுக்காத ஆஸ்பத்திரி எனக்கு மட்டும் எதுக்குன்னு இருந்துச்சு."

சின்னவள் எழுந்தாள். கயிற்றில் தொங்கிய விரிப்பு ஒன்றை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அது இன்னும் ஈரமாக இருந்தது. "மடச்சி" என்றாள். "மடச்சி, மடச்சி. உன்ன யாரு அப்படிப் பண்ணச் சொன்னா? உன் வயித்துல கட்டி வந்தா என் பிள்ள எந்திரிச்சு வருமா?"

"வராது."

"நானே உன்னத் தள்ளிட்டுப் போயிருக்கலாம். நீ என்ன, மலையா? ரெண்டு கைய விரிச்சு நின்ன, அவ்வளவுதானே? தள்ளியிருந்தா விழுந்திருப்ப. எனக்கு ஏன் கை வரல? பெத்தவ நான்தானே? தினமும் மூட்டையப் பிரிக்கும்போது அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

பெரியவள் கை நீட்டினாள். எட்டவில்லை. சின்னவள் கொஞ்சம் நகர்ந்து எட்டுகிற இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள் பெரியவள், ரொம்ப நேரம் கழித்து. "அங்க போய் குட்டியப் பாப்பேனா?"

சின்னவள் விரிப்பின் ஓரத்தை இழுத்து அவள் காலை மூடினாள்.

சனிக்கிழமை காலை மழை விட்டது. மறுநாள் ஆராதனைக்காகக் கோயிலைத் தயார் செய்துகொண்டிருந்தார் கோயில்பிள்ளை. அன்று வேலை இல்லாததால் காலையிலேயே வந்த சின்னவள், வீட்டில் அத்தானைக் காணாமல் கோயிலுக்குள் வந்தாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. நடுவழியில் நிற்காமல் ஓரமாகவே நடந்தாள்.

"அக்கா தூங்குறா. சாயங்காலம் வரைக்கும் நான் இருக்கேன். நீங்க கொஞ்சம் படுங்க அத்தான்."

அவர் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணி ஒரே இடத்தில் போய் வந்தது. "சின்னவளே, உக்காரு" என்றார்.

"வேல இருக்கு."

"உக்காரும்மா. எனக்கு மறுபடி தைரியம் வராது."

அவள் உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை. முன்னால் இருந்த பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னிக்கு மத்தியானம் நீ பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பினியே, அவ மறிச்சாளே. அதுக்கப்புறம் பின்கட்டுக்கு வந்தா. 'என்னங்க, எனக்குப் பயமா இருக்கு, பிள்ள கண்ணு ஒரு மாதிரி இருக்கு, யாருக்கும் தெரியாமப் போய் ஒரு வண்டி கூட்டிட்டு வாங்க'ன்னா. நான் போனேன்."

"எங்க?"

"வண்டி நிறுத்தம் வரைக்கும் போனேன். மூணு வண்டி நின்னுச்சு."

சின்னவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கூப்பிடல. திரும்பி வந்து இதோ இந்த இடத்துல முட்டி போட்டேன். ஒரு மணி நேரம். அப்புறம் வீட்டுக்குப் போய், வண்டி கிடைக்கலன்னு சொன்னேன்."

"ஏன்?"

"விசுவாசம்னு நெனச்சேன். அவளுக்குத் தளர்ந்து போச்சு, நாமளாவது பிடிச்சு நிக்கணும்னு நெனச்சேன். அப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது இல்லம்மா. எட்டுப் பொம்பளைங்க உள்ள உபவாசம் இருக்காங்க. கோயில்பிள்ள வீட்டு வாசல்ல ஆஸ்பத்திரிக்கு வண்டி வந்து நின்னா நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அந்தப் பேருக்காகத்தான்."

வெளியே கூரையிலிருந்து மிச்சத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்காவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. வண்டி கிடைக்கலன்னுதான் இன்னிக்கும் நம்புறா."

"அவ உங்கள அனுப்பினத என்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் கேட்டேன். சொன்னா சாக்கு மாதிரி இருக்கும்னா."

சின்னவள் எழுந்தாள். அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தவர் போல, முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அவள் அவரைக் கடந்து வெளியே போனாள்.

வீட்டுப் பின்கட்டில் தொட்டியோரம் வெகு நேரம் நின்றாள். அக்காவிடம் சொல்ல வேண்டும். நீ வண்டி கேட்டாய், மூன்று வண்டி நின்றது, இந்த மனுஷன் கூப்பிடவில்லை, தப்பு உன்னுடையது இல்லை. சொன்னால் பதினொரு வருஷச் சுமை இறங்கும். ஆனால் யாரைக் கேட்டால் தண்ணீர் வருமோ, யார் தோளைப் பிடித்து எழுந்து உட்காருவாளோ, அந்த ஆளை அவளிடமிருந்து எடுத்துவிட்டு அல்லவா இறக்க வேண்டும்? இன்னும் எத்தனை நாள் இருக்கப் போகிறாள்? அந்த நாட்களை யாரோடு இருப்பாள்?

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பெரியவள் விழித்திருந்தாள்.

"அக்கா" என்றாள் சின்னவள். "மன்னிச்சுட்டேன்."

பெரியவள் அவளையே பார்த்தாள். "என்னடி, திடீர்னு?"

"திடீர்னுதான்."

"அந்த ஐயரு ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல."

"பொய் சொல்ல மாட்டேன்னியே?"

"பொய் இல்ல. என் கண்ணப் பாரு. உன் மேல எனக்கு ஒண்ணுமே இல்ல அக்கா. தேடிப் பாத்துட்டேன். இல்ல."

அது பொய் இல்லைதான். பெரியவளுக்கு அது தெரிந்தது. கூடப்பிறந்தவள் கண்ணில் பொய் இருந்தால் தெரியாதா? அதனால்தான் அடுத்த கேள்வி வந்தது. "நேத்து வரைக்கும் இருந்துச்சே. எப்படிடி போச்சு?"

சின்னவள் ஒரு நொடி தடுமாறினாள். "கோயிலுக்குப் போனேன்" என்றாள். "ஜெபம் பண்ணேன். எடுத்துருங்கன்னு கேட்டேன். எடுத்துட்டார்."

பெரியவளின் முகம் மாறியதைச் சின்னவள் பிறகு பலமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விட்டது. வாய் கோணியது, சின்னப் பிள்ளை அழப்போவதுபோல.

"கேட்டாரா?" என்றாள். "நீ கேட்டு, அவர் கேட்டாரா?"

"கேட்டார்."

"அப்ப இருக்கார்."

"இருக்கார் அக்கா."

"என்னங்க!" என்று பெரியவள் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள். கதவருகே வந்து நின்றிருந்த கோயில்பிள்ளை, ஈரத்துணிகளுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. "என்னங்க, கேட்டீங்களா? சின்னவ ஜெபம் பண்ணியிருக்கா. அவர் கேட்டிருக்கார். வாங்க, வந்து முட்டி போடுங்க. நானும் பண்றேன். ரொம்ப நாளாச்சு."

அவர் வந்தார். கட்டிலருகே முட்டி போட்டார். பெரியவள் ஜெபித்தாள். பழைய கணீர்க் குரல் இல்லை, மனப்பாட வார்த்தைகளும் இல்லை. ஸ்தோத்திரம் ஆண்டவரே, நான் வந்துக்கிட்டிருக்கேன், பிள்ளைய வாசல்ல நிப்பாட்டுங்க, இந்த மனுஷன் பாவம், சாப்பிடவே தெரியாது, பாத்துக்கோங்க, தங்கச்சியையும் பாத்துக்கோங்க. இவ்வளவுதான். கோயில்பிள்ளை ஆமென் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து, பெரியவள் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். சின்னவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு பெரியவள் போனாள். இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள். வலி இருந்தது, ஆனால் பயம் இல்லை. அதை எல்லாரும் சொன்னார்கள். புதன்கிழமை அடக்கம். விசுவாசத்தில் நிலைத்திருந்த சகோதரி என்று போதகர் சொன்னார். பெண்கள் அழுதார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு சின்னவள் அக்கா வீட்டில் கட்டிலைக் கவிழ்த்துக் கழுவினாள். கயிறுகளை அவிழ்த்தாள். விரிப்புகளை மூட்டை கட்டினாள். கோயில்பிள்ளை சமையல் மேடைக்குப் பக்கத்தில், கடன் வாங்கிய நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

"வண்டி விஷயத்த அவகிட்டச் சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல."

"நான் சொல்லியிருக்கணுமா?"

"தெரியல அத்தான்."

"ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. அவ இருந்த சந்தோஷத்தப் பாத்துட்டு முழுங்கிட்டேன். இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?" அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். "நீயாவது..."

"என்கிட்டக் கேக்காதீங்க" என்றாள் சின்னவள். கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பில் சொன்னாள். "எனக்கு இன்னும் பதினொரு வருஷம் ஆகலாம். ஆகாமலே போகலாம். அவகிட்டக் கேட்டிருக்கணும் நீங்க. அந்த மாசமே கேட்டிருந்தா, ஒரு வாரம் அழுதிருப்பா, பேசாம இருந்திருப்பா, அப்புறம் மன்னிச்சிருப்பா. அவ அப்படித்தான். அவளுக்கு வரும். நீங்க கேக்கவே இல்லையே அத்தான்."

அவர் கைகளால் தலையைப் பொத்திக்கொண்டார். அவள் மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். மேடை மேல் யாரோ கொண்டுவந்து வைத்த ரொட்டியை எடுத்து, பிய்த்து, ஒரு தட்டில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நிஜமாவே அன்னிக்கு ஜெபம் பண்ணினியா நீ?" என்று அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"அன்னிக்கு இல்ல. நேத்து, அவ கண்ண மூடின உடனே பண்ணேன்."

"என்னன்னு?"

சின்னவள் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"யார்கிட்டப் பண்ணேன்னு தெரியல. 'ஆண்டவரே, நீங்க இருக்கணும்'னு கேட்டேன். இதுவரைக்கும் இல்லைன்னாலும் பரவாயில்ல, இன்னிக்கு ஒரு நாளாவது இருங்க, அவ நம்பிட்டு வர்றான்னு கேட்டேன்."

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். அவர் எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். அதற்கு மேல் வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை.